மூன்றாம் கயிற்று நீளம்

போர் நின்ற சமாதான காலத்தில் வன்னிக்கு வரும் பாதை திறந்ததும் அக்காவின் கணவர் சுவிஸிலிருந்து முள்ளியவளைக்கு லீவில் வந்தார். அவருடைய பெட்டியில் பாதி சொக்லேற், மீதி மலையேறும் கயிறு. புளியங்குளத்துக்குக் கிழக்கே காட்டுக்குள் ஒரு பெரிய வழுக்குப் பாறை இருக்கிறது. அதில் ஏறக் கீழிருந்து கயிறு பிடிக்க ஆள் வேண்டுமென்று, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த மச்சாளான என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

கையால் பிடிக்க எதுவுமில்லாத சரிவு. உள்ளங்காலை அழுத்தி, நிமிர்ந்தபடி நடக்கவேண்டும். ஒரு கயிற்று நீளம் அவர் ஏறுவார்; மரத்திலோ வெடிப்பிலோ தன்னைக் கட்டிக்கொண்டு என்னை வரச் சொல்வார். இப்படி மூன்று தரம் ஏறினால் உச்சி. முதல் இரண்டிலும் "பயப்பிடாதை, நான் இருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பயப்படவில்லை.

மூன்றாவதில் பத்தடி போனவர் நின்றுவிட்டார். இரண்டு தரம் காலை எடுத்து அதே இடத்தில் வைத்தார். மெல்ல இறங்கி வந்து என் பக்கத்தில் குந்தினார்.

"இதுக்கு மேலை ஏலாது. இறங்குவம்."

"நான் ஒருக்காப் பாக்கட்டே அத்தான்?"

கயிற்று நுனியை அவிழ்த்துத் தந்தார். தண்ணீர் வடிந்து கறுத்திருந்த இடத்தை விட்டு, சொரசொரப்பான பக்கமாக வெறுங்காலுடன் ஏறினேன். நடுவில் கீழே பார்த்துவிட்டேன். திரும்பி இறங்குவது ஏறுவதைவிடப் பயமாக இருந்ததால் ஏறிக்கொண்டே போனேன். உச்சி மரத்தில் கயிற்றைக் கட்டி அவரைக் கூப்பிட்டேன். "இறுக்கு, இறுக்கு" என்றபடி வந்து சேர்ந்தவர், கமராவைத் தந்து தன்னைப் படம் எடுக்கச் சொன்னார்.

வீட்டில் சாப்பிடும்போது அக்காவிடம் சொன்னார்: "உன்ரை தங்கச்சியை இழுத்துத்தான் மேலை ஏத்தினனான்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"இல்லை. கடைசித் துண்டு நான்தான் முன்னுக்கு ஏறினனான். அத்தானுக்கு ஏலாமல் போச்சுது."

அவர் குனிந்து மீன்முள் எடுத்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் கோப்பை கழுவும்போது அக்கா, "நாலு நாளிலை போற மனிசன். விட்டுக்குடன்" என்றார். விட்டுக்கொடுக்க இதென்ன வேலியோரக் காணித் துண்டா? பயம் யாருக்கும் வரும். அவர் தன் பயத்தை என் தலையில் கட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் அந்தப் படம் வந்தது. பின்பக்கத்தில் "நான் தனியாக ஏறிய பாறை" என்று எழுதியிருந்தது. "தனியாக" என்பதை வெட்டி, "கடைசியில் முன்னால் ஏறியவள் மச்சாள், படம் எடுத்தவளும் அவளே" என்று எழுதி அவருக்கே திருப்பி அனுப்பினேன்.

இது தெரிந்ததும் அக்கா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு நான் கிணற்றடியில் தனியே நின்றபோது வந்து கேட்டார்.

"உண்மையாவே நீதானோ?"

"ஓம்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அத்தானிடமிருந்து பதிலும் வரவில்லை. என் கோபம் ஆறவுமில்லை.