வண்டு பார்த்த வயல்

எங்கள் வயலை நாங்கள் பார்க்க முடியாமல், ஆளில்லாத விமானம் மட்டும் தினமும் பார்த்துவிட்டுப் போன ஒரு காலம் இருந்தது.

வீடு செட்டிபாளையத்தில். வயல் வாவிக்கு அப்பால், படுவான்கரையில். இந்தக் கரை இராணுவத்திடம், அந்தக் கரை போராளி இயக்கத்திடம். சண்டை மூண்டதும் குருக்கள்மடத்துத் துறையில் தோணிகளை நிறுத்திவிட்டார்கள், அதுவும் கதிர் பழுக்கிற நேரம் பார்த்து. அந்த வருடம் நாங்கள் தின்ன வேண்டிய சோறு முழுதும் அக்கரையில் நின்றது.

காலையிலேயே வானத்தில் இரைச்சல் தொடங்கிவிடும். அந்த வேவு விமானத்தை வண்டு என்போம். ஊரில் அதைப் பற்றிய ஞானிகளுக்குப் பஞ்சமில்லை. மடியிலிருக்கிற வெற்றிலையைக்கூட எண்ணிவிடும் என்றார் ஒருவர். குசுகுசுத்தாலும் அதற்குக் கேட்கும் என்றார் இன்னொருவர். அதைத் தொண்டை கிழியத்தான் சொன்னார். அம்மா கொடியில் கிழிசல் சேலை காயப்போடுவதையே விட்டுவிட்டார்.

அப்பாவுக்குத்தான் வேறு யோசனை வந்தது.

"அது நம்மட வயல் வட்டைக்கு மேலாலதானே போகுது? வேளாண்மை என்ன மாதிரி நிக்குதெண்டு அவங்களுக்குத் தெரியும். கேட்டா என்ன?"

"உங்களுக்கென்ன விசரா?" அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பெண்பிள்ளை பக்கத்தில் நின்றால் அடிக்கமாட்டார்கள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு அப்பா முகாமுக்குப் போனார். வாசலில் கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் நின்றார்.

"சேர், உங்கட ரகசியம் ஒண்டும் எனக்கு வேணாம். பெரிய மருதமரத்துக்குத் தெக்கால என்ட வயல். மாடு கீடு இறங்கினா மட்டும் சொல்லுங்க. உங்களிட்டயே பாஸ் எடுத்துப் போய்த் துரத்திட்டு வாறன்."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "அது பாதுகாப்பு விசயம். சொல்ல ஏலாது" என்றார். ஆக, எங்கள் நெல்லும் இராணுவ ரகசியமாகிவிட்டது! அப்பா நாலு தரம் போனார். நாலு தரமும் அதே பதில்தான்.

பிறகு அக்கரையையும் இராணுவம் பிடித்தது, துறை திறந்தது. முதல் தோணியிலேயே போனோம். வேலி சரிந்து கிடந்தது. கதிர் ஒன்றுகூட இல்லை, அடிக்கட்டையும் சாணியும்தான். அப்பா வரம்பில் அப்படியே குந்திவிட்டார்.

திரும்பி வரும்போது துறையில் அடையாள அட்டை பார்த்தவர் அதே அதிகாரி. எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ரகசியம் காலாவதியாகிவிட்டது போலும்.

"ஐயா, மருதமரத்து வயல்தானே? நாங்க நல்லாப் பாத்தது. முதல்ல ஆக்கள் எண்டு நினைச்சது. கிட்ட எடுத்துப் பாத்தா மாடு. ரெண்டு கிழமை நிண்டது. பிரச்சினை இல்ல எண்டு எழுதினது."

அப்பா அட்டையை வாங்கி மடியில் செருகிக்கொண்டே கேட்டார்.

"எத்தின மாடு சேர்?"

"இருபத்தி மூண்டு," என்றார் அதிகாரி, யோசிக்காமலே.

எண்ணியும் வைத்திருந்திருக்கிறார்கள், பாவிகள்.