ஸ்பேனர் வந்த ரீல்

தம்பி விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்த வருடம், தருமபுரி தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சிக்கு ஒரு இங்கிலீஷ் சண்டைப் படம் போட்டார்கள். போஸ்டரில் குண்டு போடும் விமானம். மகன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள் அம்மா. பாப்பாரப்பட்டியிலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போனேன்.

படத்தில் விமானங்கள் எரிந்து விழுந்தன. முடிந்தபிறகும் அம்மா எழவில்லை.

"அவன வூட்டுக்கு வரச் சொல்லு. அந்த வேல வேணாம்."

"அவன் கீழ நின்னு ரிப்பேர் பாக்குறவன்மா."

"எனக்காவப் பொய் சொல்லாத."

அம்மாவின் அழுகை கேட்டு, படம் ஓட்டும் ஆபரேட்டர் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "உக்காருங்கம்மா" என்று மேலே போய், ஒரு ரீலை மட்டும் மறுபடி ஓட்டினார். அதில் நான்கு பேர் தரையில் நின்று, போன விமானம் திரும்புகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

"ஸ்பேனர் வெச்சிருக்காரே, அதாங்கம்மா உங்க பையன் வேல!" என்று கேபின் ஓட்டை வழியே கத்தினார்.

அம்மாவும் திரும்பிக் கத்தினாள். "இவன் மேல போவமாட்டானா?"

"போவமாட்டாருங்க. போறவங்க பத்திரமா திரும்பி வரத்தான் இவரு!"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நட்ட நல்லா முறுக்கச் சொல்லி எழுது" என்றாள். அன்றே எழுதினேன்.

ஆபரேட்டருக்கு அது சாப்பாட்டு நேரம்; அதை விட்டுத்தான் எங்களுக்காக ஓட்டினார். பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். ஆளை மறக்கவில்லை.