மறுபடி மறுபடி கோணிய ஸ்டீயரிங்

எங்கள் ஊரான கூமோவில் கலெர்வோவைப் போல ஸ்டீயரிங்கை நிமிர்த்த ஆள் கிடையாது. முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் டை ராடு இரண்டையும் ஒரே அளவு திருகுவார். ஸ்டீயரிங் நடுவுக்கு வந்துவிடும், சக்கரம் துளியும் கோணாது. அவருக்கு வயதானதும் கூட வேலை பார்த்த நான் பட்டறையை எடுத்துக்கொண்டேன்.

பனி உருகிச் சாலையெல்லாம் பள்ளமாகக் கிடந்த நாளில் அவர் மனைவி ஹில்க்கா காரோடு வந்தார்.

"யோர்மா, நேரா ஓட்டினாலும் ஸ்டீயரிங் கோணிக்கிட்டே நிக்குது. ரோடு அப்படி ஆக்கிடுச்சா?"

காரைத் தூக்கிப் பார்த்தேன். இடது டை ராடு மட்டும் எக்கச்சக்கமாகத் திருகியிருந்தது. டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரிந்தது.

"இதுல யாரு கை வெச்சது அக்கா?"

"அவர்தான். வேற யாரைத் தொட விடுவாரு?"

நம்ப முடியவில்லை. டயரை மாற்றி, அலைன்மென்ட் பார்த்து அனுப்பினேன். அந்த வாரமே மறுபடி வந்தார். அதே இடது பக்கம்.

மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்கே போனேன். கலெர்வோ காருக்கு அடியில் படுத்திருந்தார்.

"வாடா. ஸ்டீயரிங் கோணியிருக்குன்னு இவ ரொம்ப நாளா புலம்புறா. இன்னைக்குத்தான் நேரம் கெடச்சுது."

"நேத்தும் இதத்தானே பண்ணீங்க" என்றார் ஹில்க்கா, வாசலில் நின்றபடி.

"நானா? போடி, நேத்து பூரா பட்டறையில இருந்தேன்."

அவர் பட்டறைப் பக்கம் வந்தே வருஷக்கணக்காகிவிட்டது. ஹில்க்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வீட்டிலிருந்த ஸ்பேனர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். "எந்தத் திருட்டுப்பய எடுத்தான்?" என்று தேடித் தேடிக் கத்தினாராம். பிறகு எங்கிருந்தோ ஒரு குறடு கிடைத்திருக்கிறது. அது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அவரும் ஹில்க்காவும் மருந்து வாங்கப் போகும் வழியில் டை ராடு கழன்றது. கார் ஏரிக்கரைப் பள்ளத்தில் இறங்கியது. கலெர்வோவுக்கு ஒரு கீறலும் இல்லை. ஹில்க்காவுக்கு மணிக்கட்டு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஹில்க்காவின் கட்டுப் போட்ட கையை மெல்லத் தடவிக்கொண்டே கலெர்வோ கொதித்தார். "லாக் நட்டைக் கூட முடுக்காம விட்டிருக்கான். எந்த அரைகுறைப் பய பாத்த வேலை இது? பேரைச் சொல்லு, அவன் கையை ஒடிக்கிறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியலங்க" என்றார் ஹில்க்கா.

கார் பழைய இரும்புக்குப் போனது. ஒற்றைக் கையால் அவரைக் குளிப்பாட்டவும், கதவைத் திறந்துகொண்டு போகிறவரைப் பிடித்து நிறுத்தவும் ஹில்க்காவால் முடியவில்லை. காயானி நகரத்தில் ஒரு காப்பகத்தில் அவரைச் சேர்த்தார்கள். ஹில்க்கா வாராவாரம் பஸ் பிடித்துப் போனார். முதலில் கலெர்வோவுக்கு ஓரளவு அடையாளம் தெரிந்தது. பிறகு ஒருநாள், "பட்டறை சாத்தியாச்சும்மா, நாளைக்கு வண்டியைக் கொண்டா" என்றாராம். அன்றும் பஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

குளிர்காலம் வந்தபின் போவதை விட்டுவிட்டார். நான் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"எதுக்குடா? யாரைப் பாக்க?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.