சீலிங்கில் நடந்த கல்யாணம்

வேலைவெட்டி இல்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான் என்று யாராவது யாரையாவது திட்டினால் எனக்கு இப்போதெல்லாம் கோபம் வருகிறது. கிடந்து பார்த்தால்தான் தெரியும். ஆறாம் மாதத்தில் டாக்டரம்மா என்னை அப்படித்தான் போட்டார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, பாத்ரூம் போவதைத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்றார். அதற்கு முன் ஒரு பிள்ளை தங்காமல் போயிருந்தது. அதனால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அந்த மாதத்தில்தான் என் தங்கைக்குக் கல்யாணம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு, சோறு கட்டிக் கொடுத்து, அடித்து, கொஞ்சி வளர்த்தவள் நான். மண்டபம் ஸ்ரீபெரும்புதூரில். ஒரகடத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் கண்டெய்னர் லாரியும் கம்பெனி பஸ்ஸும் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த ரோடு. "மாடிப்படியே இறங்கக் கூடாதுன்னு சொல்றேன், நீ ரோட்டைப் பத்திக் கேக்கறியே" என்று டாக்டரம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தங்கை வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "நீ இல்லாம எனக்கு இன்னாக்கா கல்யாணம்? தேதிய தள்ளி வெக்கச் சொல்றேன்."

"லூசு மாதிரி பேசாத. உனக்குத் தாலி கட்டும்போது நான் பாத்துக்கினு இருப்பேன், போ" என்று அனுப்பிவிட்டேன். எப்படிப் பார்ப்பேன் என்று எனக்கே தெரியாது.

மண்டபத்திலிருந்து யூடியூப் லைவ் போடுவதாகச் சொன்னார்கள். போனில் பார்க்கலாம்தான். மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கை ஓய்ந்ததும் அது நேராக மூக்கின்மேல்தான் விழும். என் மூக்கு அந்த மாதம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

யோசனை சொன்னவர் என் கணவரோடு ஒரே லைனில் வேலை பார்க்கும் நண்பர், திருநெல்வேலிக்காரர். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி அது. கிரிக்கெட் பார்ப்பதற்காக அவருடைய ரூமில் எல்லாரும் சேர்ந்து ஒரு சின்ன புரொஜெக்டர் வாங்கியிருந்தார்கள். "மதனி பாத்துக்கிட்டு கெடக்கது சீலிங்கத்தான? அங்கனயே கல்யாணத்தக் காட்டிருவோம்" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஷிப்ட் முடிந்து இருவரும் அதைக் கொண்டு வந்தார்கள். காபித்தூள் டப்பா அளவுதான் இருந்தது. அதன் கழுத்தைத் திருப்பினால் நேராக மேலே பார்க்கும். வெளிச்சம் வராமலிருக்க அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஜன்னலில் ஒட்டினார்கள். கால்மாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு அதன்மேல் வைத்து ஸ்விட்சைத் தட்டியதும் சீலிங் முழுக்க நீலம் பரவியது. நடுவில் 'நோ சிக்னல்' என்று எழுத்து. அவர்கள் இருவரும் தலையைச் சொறிந்துகொண்டு வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சீலிங்கில் எந்த மூலையில் எத்தனை ஒட்டடை, எந்தக் கறை எந்த வடிவம் என்று எனக்கு மனப்பாடம். அது இப்படி நிறம் மாறும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கல்யாணமே தெரியாவிட்டாலும் இதுவே போதும் போலிருந்தது.

கடைசியில், சோதனைக்காகப் போட்ட யாரோ முன்பின் தெரியாதவர்களின் கல்யாண வீடியோ ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் முகம் சரியாக ஃபேன் மேல் விழுந்தது. மூன்று இறக்கையிலும் முகத்தின் மூன்று துண்டுகள். ஃபேனைப் போட்டால் முகம் சுற்றியது.

"இன்னாங்க இது, தாலி கட்டறதுக்குள்ள மாப்பிள்ளைக்குத் தலை சுத்திடும் போலக்கீதே" என்றேன்.

கட்டிலைச் சுவரோரம் நகர்த்துவதென்று முடிவானது. நான் இறங்கக் கூடாதே. என்னைக் கட்டிலோடு சேர்த்து, செங்கல்லோடு சேர்த்து, ஆளுக்கொரு பக்கம் தூக்கி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார்கள். ஸ்ரீபெரும்புதூர்க் கோயில் உற்சவர் புறப்பாடு மாதிரி நான் ஆடாமல் அசையாமல் வந்தேன்.

பிறகு என் கணவர் வேலையைக் காட்டினார். அவருக்குக் குவாலிட்டி செக்கிங்கில் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அது அவரை விடாது. ஸ்டூலை நகர்த்தி, நின்று அண்ணாந்து பார்த்து, படம் கோணலில்லாமல் நேராக வரும்வரை திருகி, கம்பெனியில் மெஷினைச் சுற்றி ஒட்டுவது போல ஸ்டூல் கால்களைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டிவிட்டார். "ஓகே. செட்டிங் முடிஞ்சிது. யாரும் கை வெக்காதீங்க."

"எனக்கு எல்லாரும் தலைகீழாத் தொங்கறாங்களே" என்றேன்.

அவர் நம்பவில்லை. தன் பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகத்தான் இருக்கிறது என்று வாதம் செய்தார். கால்மாட்டில் நிற்பவருக்கு எது தலைப்பக்கமோ, படுத்திருப்பவளுக்கு அது கால்பக்கம். நானும் அன்றைக்குத்தான் அதை யோசித்தேன். சுவரில் ஒரு மேல், ஒரு கீழ் இருக்கிறது. சீலிங்குக்கு அதெல்லாம் கிடையாது. பார்க்கிறவர் எப்படிக் கிடக்கிறாரோ அதுதான் கணக்கு.

"அண்ணே, மதனி பக்கத்துல படுத்துப் பாருங்க, தெரியும்" என்றார் நண்பர்.

அவரும் படுத்தார். "அட, ஆமா" என்றார். நண்பர் சிரித்துக்கொண்டே புரொஜெக்டரை முன்பின்னாகத் திருப்பி வைத்தார். தொங்கியவர்கள் எல்லாரும் நிமிர்ந்துவிட்டார்கள். என் கணவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. வீடியோவை நிறுத்திய பிறகும் வெறும் சீலிங்கைப் பார்த்தபடியே கிடந்தார். "இதையா டெய்லி பாத்துக்கினு கீற?" என்று மெதுவாகக் கேட்டார்.

காலையில் நண்பர் ஷிப்டுக்குப் போய்விட்டார். மூத்த மாப்பிள்ளை மண்டபத்தில் இல்லையே என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்களாம். "பேசிக்கினு போகட்டும்" என்று இவர் என் பக்கத்தில் படுத்துக்கொண்டார்.

லைவ் தொடங்கியது. மண்டபம் முழுவதும் எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றது. வாழைமரம், சீரியல் லைட், நாற்காலிக்குச் சண்டை போடும் சித்தப்பா. தங்கை மணவறைக்கு வந்து உட்கார்ந்தபோது அவள் முகம் எங்கள் கட்டில் அகலத்துக்கு இருந்தது. அவளை வளர்த்த நானே அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கண்மை லேசாகக் கலைந்திருந்தது. அழுதிருக்கிறாள், கழுதை.

போன் அடித்தது. அப்பா. "கட்டியாச்சும்மா! தாலி கட்டியாச்சு!" என்று மேளச் சத்தத்துக்கு நடுவே கத்தினார். மேலே பார்த்தால் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையில்கூட வாங்கவில்லை. லைவ் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும் என்றார் இவர். ஸ்ரீபெரும்புதூரில் முடிந்துபோனது எனக்காகக் காத்திருந்து இன்னொரு முறை நடக்கப் போகிறது.

நடந்தது. கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளை குனிந்தார். பூ வைத்த கனமான சடையை அத்தை தூக்கிப் பிடித்தாள். அது நான் நிற்க வேண்டிய இடம். என் கை தானாகப் போர்வையை அள்ளிப் பிடித்தது. அழக்கூடாது, வயிறு இறுகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு பெரியவர்கள் காலில் விழும் சடங்கு. அப்பா, அத்தை, மாமா என்று வரிசையாக முடிந்ததும் தங்கை மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து நடந்து வந்தாள். வாய் அசைந்தது. மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா என்றுதான் சொல்லியிருப்பாள். இருவரும் கேமராவுக்கு முன்னால் விழுந்தார்கள். கேமராக்காரர் புரிந்துகொண்டு கேமராவைத் தாழ்த்தினார்.

எல்லாரும் காலில் விழுந்துதான் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் தங்கை எனக்கு நேர் மேலே விழுந்து வணங்கினாள். சீலிங் முழுக்க அவள் தலை, அவள் வகிடு, மல்லிகைப்பூ.

"அரிசிங்க, மஞ்ச அரிசி!" என்று கத்தினேன். இவர் சமையலறைக்கு ஓடி, அரிசியில் மஞ்சள்தூளைக் கொட்டிப் பிசைந்து, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்தார். அவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அள்ளி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து மேலே வீசினேன். அவள் தலைவரைக்கும் போனது. போன வேகத்தில் திரும்பி என் வயிற்றின்மேல் பொலபொலவென்று விழுந்தது.

இவர் தட்டிவிடக் கையை நீட்டினார்.

"தட்டாதீங்க, இருக்கட்டும்" என்றேன். "அதுக்கும் சேத்துதான்."