பச்சை ஃபிலிமில் ஒரு பிளம்ஸ் தோட்டம்

ஆற்றின் இரு கரையிலும் பழத்தோட்டங்கள் நிறைந்த நகரம் அது. அதன் வரைபடத்தை அச்சிட ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஃபிலிம், கண்ணாடி போன்ற தாள், வேண்டும். நீலத்தில் ஆறும் கிணறுகளும், பழுப்பில் குன்றுகள், கறுப்பில் வீடுகள், பச்சையில் மரங்கள். பச்சை அவள் பொறுப்பு. கறுப்பு அவள் கணவருடையது. ஊரைச் சுற்றிப் பார்த்துவந்து அவர் புதுவீடுகளை வரைந்தால், அந்த இடத்து மரப்புள்ளிகளை இவள் பிளேடால் சுரண்டியாக வேண்டும். அவர் வீடு கட்டுறார், அவ மரம் வெட்டுறா என்று அலுவலகமே கேலி பேசும்.

ஆற்று வளைவில் அவள் பிறந்து வளர்ந்த பிளம்ஸ் தோட்டம். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா படுக்கையில் விழுந்த சமயம் அச்சு வேலை கழுத்தை நெரித்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"உன் தாள்லயே தோட்டம் இருக்குல்ல? அதையே வச்சுக்கோ. இங்க வராத."

அவள் போகவில்லை. கணவர்தான் வேலையாகப் போகும்போது எட்டிப் பார்த்து வருவார். "மச்சானுக்கு இன்னும் கோபம் ஆறல. மரமெல்லாம் நல்லா காய்ச்சிருக்கு. கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். அவளும் அப்படியே இருந்துவிட்டாள்.

ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவ எழுந்த கணவர் சுவரோடு சாய்ந்தார். அவ்வளவுதான்.

அவர் வரைந்து வைத்திருந்த கறுப்பு ஃபிலிமை, விமானத்திலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்ட மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். ஆற்று வளைவில் இரண்டு வரிசை வீடுகள் விட்டுப்போயிருக்கின்றன, அவர் இப்படி விடுகிற ஆளே இல்லையே என்றார்.

விமானப் படத்தின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தாள். தோட்டம் இருந்த இடத்தில் கூரைகள். நடுவில் தோட்டத்துப் பழைய கிணறு மட்டும் அப்படியே.

மதியமே பஸ் ஏறிப் போனாள். அண்ணன் தோட்டத்தை விற்று வருஷக்கணக்கு ஆகிவிட்டதாம். எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி மட்டும் நினைவுபடுத்திச் சொன்னாள்.

"ஊரைவிட்டுப் போறவரைக்கும் இந்தக் கிணத்தடியிலதான் வந்து உக்காருவார். தங்கச்சி மேப் ஆபீஸ்ல இருக்கா, வந்தாலும் வருவான்னு சொல்லுவாரு."

வீடு திரும்பியபோது சண்டை போடக்கூட ஆள் இல்லை.

மறுநாள், விட்டுப்போன வீடுகளைக் கணவரின் பேனாவால் அவளே வரைந்தாள். பிறகு பச்சை ஃபிலிமை விளக்கு மேசையில் விரித்துப் பிளேடை எடுத்தாள். "சொல்லியிருக்கலாம்ல" என்றாள், பக்கத்து நாற்காலியைப் பார்க்காமலே. அண்ணன் வைத்துக்கொள்ளச் சொன்ன தோட்டத்தை மேல்வரிசையிலிருந்து சுரண்டத் தொடங்கினாள்.

கிணறு நீல ஃபிலிமில் இருந்தது. அது அவள் வேலையில்லை.