அரசு வக்கீலுக்குச் சாமை

கச்சிராயபாளையம் டீக்கடை முன்னால் கள்ளக்குறிச்சி பஸ் நிற்கிறது. மலை இறங்கி வந்த பிரேக்கின் கருகல் வாசனை இன்னும் போகவில்லை. பக்கத்து சீட்டில் காளியம்மா, வெள்ளிமலைக்காரர், நாற்பது வயதிருக்கும். நாளை சென்னை ஐகோர்ட்டில் அவருடைய நிலத்து வழக்கு வருகிறது. மடியிலிருக்கும் மஞ்சள் பையில் இரண்டு படி சாமை அரிசி.

"உங்க வக்கீலுக்காம்மா?"

"அவருக்கு இல்லீங்க. கவர்மெண்டு வக்கீலுக்கு எடுத்துக்கினு போறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன். அரசுக்கென்று ஒரு தலைமை வக்கீல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்திலிருந்தே மதராஸில் உண்டு. அவரோ, அவருக்குக் கீழே இருப்பவரோ, யார் வந்தாலும் அரசுக்காகத்தான் வாதாடுவார். உங்களுக்கு எதிர்த்தரப்பு. வாங்கவும் மாட்டார், லஞ்சம் என்று உங்கள் மேலேயே திரும்பும்.

காளியம்மா டீயைக் குடித்து முடித்து, கிளாசை ஜன்னல் வழியாகக் கடைக்காரரிடம் கொடுக்கிறார்.

"தெரியுங்க. அவரு மேல கோவம் ஒண்ணும் இல்ல. மலைய பாத்தவரா அவரு? எழுதிக் குடுத்தத படிக்கிறாரு. அந்த நெலத்துல யாருமே பயிரு வெக்கலன்னு போன தபா இங்கிலீசுல படிச்சாரு. எங்க வக்கீலு அர்த்தம் சொன்னாரு."

"அதுக்கு இது எதுக்கு?"

டிரைவர் ஏறி ஹாரன் அடிக்கிறார். காளியம்மா பையின் வாயை இறுக்கிச் சுருட்டுகிறார்.

"அந்த நெலத்துல வெளஞ்சதுதாங்க இது. ஒரு வேள ஆக்கித் தின்னுட்டு, அப்பறமா படிக்கட்டும்."