ஈரம் காயாத எண்ணெய்ச் சட்டி

மனைவி படுக்கையில் விழுந்து நூற்றுப் பதினேழாவது நாள், அவளுடைய எண்ணெய்ச் சட்டியை நான் உடைத்தேன். இரு கைக்குள் அடங்கும் மண் சட்டி. காற்று ஓட்டைகள் உள்ள வயிற்றுக்குள் சிறு மெழுகுதிரி எரியும். மேலே தட்டில் நீரும், வாசனைக்கு ஆறு துளி கறுவாப்பட்டை எண்ணெயும். புட்டியில் எண்ணெய் எத்தனை நாளுக்குக் காணும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததில், தட்டு வற்றிக் கொதிப்பதைக் கவனிக்கவில்லை. குளிர்ந்த நீரை ஊற்றினேன். இரண்டாகப் பிளந்தது.

"இனி அறை நாறுமே," என்றாள். படுக்கைப் புண்ணின் வாடையைச் சொன்னாள். ஊதுபத்திப் புகை பட்டால் அவளுக்கு இருமல் நிற்காது. அடுத்த வாரக் கடைசியில், ஞாயிறு பின்னேரம், கனடாவிலிருந்து அவளுடைய தங்கை எங்கள் குண்டசாலை வீட்டுக்கு வருவதாக இருந்தது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம்.

"இஞ்சருங்கோ, அதுக்குள்ள ஒண்டு எடுங்கோ. இந்த நாத்தத்துக்குள்ள அவளை இருத்தேலாது."

கண்டிக் கடைகளில் நான்கு வகை பார்த்தேன். எதிலும் தட்டு ஆழமில்லை. அரை மணியில் எண்ணெய் கருகிவிடும். ஆகவே செவ்வாய்க்கிழமை, பழையதைச் செய்த பெண்ணிடமே போனேன். கெலிஓயாவில் வீட்டோடு பட்டறை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஹோட்டல்காரர் கேட்டதைச் செய்து முடிக்கவே அவருக்குக் கை போதவில்லை.

"ஒம்பது நாளு காயணும் ஐயா. சூளையில ஒரு நாளு, ஆற ஒரு நாளு."

பதினொன்று. சனிக்கிழமை கைக்கு வரும்.

ஒன்பது நாளில் ஆறு நாள் மழை. ஒன்பதாம் நாள், வியாழனன்று, பார்க்கப் போனேன். அவர் இன்னும் சுடாத பச்சைச் சட்டியை எடுத்துத் தம் கன்னத்தில் வைத்தார். மண் குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதுதான் அவருடைய சோதனை.

"குளுருதுங்க. இன்னும் மூணு நாளு."

"மூண்டு நாளோ? ஞாயிறு ஆக்கள் வந்திடுவினம், பிள்ளை!" என்று சட்டியை வாங்கிப் பார்த்தேன்.

"காத்து ஓட்டைய எண்ணி முடிச்சிட்டீங்களா?" என்று சிரித்தார்.

"பதினாலு. பழையதில பன்னிரண்டு."

"ரெண்டு சும்மா குடுத்தது. ஈரத்த நம்பாட்டி நீங்களே கன்னத்துல வச்சுப் பாருங்க."

வைத்தேன். குளிரவில்லை.

"காய்ஞ்சிட்டுது பிள்ளை, எனக்குக் குளிரேல்லை."

அவர் மறுபடி வைத்துப் பார்த்தார். "படிச்சவங்க சொல்றீங்க. சரி, நாளைக்கு சூளையில வக்கிறேன்."

திரும்பும் பஸ்ஸில் முகம் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தபோதுதான் உறைத்தது. இரண்டு பஸ் மாறி மழையில் நனைந்து போன முகம். மண்ணைவிட என் கன்னம் குளிர்ந்திருந்தது. உடனே தொலைபேசி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. காய்ந்துதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அவர் வாசலிலேயே நின்றார். "வெடிச்சிருச்சு ஐயா. பக்கத்துல இருந்த ஹோட்டல் சாமான் ஏழும் போச்சு." பஸ்ஸில் உறைத்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "எங் கன்னத்த நானே நம்பல. ஒங்களச் சொல்லி என்ன?" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

ஞாயிறு காலையிலிருந்து அறையை மூன்று தரம் கழுவினேன். வாடை போகவில்லை. மூன்று மணிக்கு வாசலில் தங்கையின் வாடகை வான் வந்து நின்ற சத்தம் கேட்டதும் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

தங்கை அறை வாசலில் நின்றாள். "நல்ல நித்திரை. எழுப்பாதேங்கோ அத்தான், பாவம்."

நித்திரையில் என் மனைவிக்கு நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு. அப்போது இருபத்திரண்டு. எனக்குத் தெரியும். தங்கையை முன்னறையில் இருத்தினேன். தங்கை வந்து வந்து நான்கு தரம் எட்டிப் பார்த்தாள். ஆறு மணிக்குப் போய்விட்டாள்.

வான் திரும்பிப் போன பிறகு மனைவி கண் திறந்தாள்.

"மெலிஞ்சிட்டாளோ?"

"இல்லை."

"என்ன நிறச் சீலை?"

சொன்னேன். தலை நரைத்துவிட்டதா, கண்ணாடி போட்டிருந்தாளா, அழுதாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், அழுததைத் தவிர.